ஆறாவது ஸ்பூன்

மூடியில் ஆணியால் கீறியிருந்தாள்:
சவுந்தலை. தொடாதே.
தொட்டேன். முதலில் வந்தது நாற்றம்.
ரப்பர் புழுக்கள் இளகி ஓடி
பக்கத்தில் கிடந்த பொய்மீன்களின் வண்ணத்தைத் தின்றிருந்தன.
சாட்ஸ்வொர்த் வெயிலில், தகரக் கராஜில், பதினோரு வருஷம்.
ரப்பரையும் பெயின்டையும் ஒரே அறையில் போடக்கூடாதாம்.
எங்கள் கல்யாணங்களில் சிலரை
அப்படித்தான் தள்ளித் தள்ளி உட்காரவைப்போம்.

பெர்த்திலிருந்து தம்பி தயாளன் பேசினான்:
"பழசுக்கு நல்ல விலை, அக்கா. போட்டோ அனுப்பு."
அனுப்பினேன்.
பல் படாதது இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்
என்றானாம் ஒருவன்;
அட்டைப்பெட்டியோடு இருந்தால் இன்னும் மேலே.
பல் படாத ஒன்றைக்கூட
அம்மா விட்டுவைக்கவில்லை.

மூன்று ஞாயிறு போயிற்று.
வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு,
குழந்தைகளின் பல் பிரஷ்.
துருவைச் சுரண்டினேன்.
வஞ்சிரம் கடித்த பள்ளத்தில் (இங்கே அதற்குக் கூட்டா என்று பெயர்)
அழுக்கை அப்படியே விட்டேன்.
ஒரு மரமீனின் வயிற்றில் சிவப்பு நகப்பாலிஷ்.
அம்மா நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை.
நாளெல்லாம் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்தவள்;
வெள்ளி இரவு ஷிப்ட் முடிந்து
அப்பாவின் மழைக்கோட்டில், அத்தனை ஆண்களுக்கு நடுவில்
உம்கேனி கழிமுகத்தில் நிற்பாள்,
ஷாட் மீன் வரும் மாதங்களில்,
பலகை நட்ட நல்ல மணலையெல்லாம் தாண்டி,
பலகை இல்லாத பாறையில்.

பெட்டியின் அடியில் செய்தித்தாள் பொட்டலம்.
உள்ளே ஒரு டீ ஸ்பூன்.
காம்பை அறுத்து, இரண்டு ஓட்டை போட்டு,
மூன்று முனைத் தூண்டில் கோத்தது.
குழியில் ரோஜாப்பூ.
அந்த ரோஜா எனக்குத் தெரியும்.

கல்யாணச் சீரில் வந்த ஆறு ஸ்பூன்.
எழுபத்தெட்டில் ஒன்று காணாமல் போனது.
தேங்காய்ச் சக்கையோடு குப்பையில் கொட்டியது நான்தான் என்று
முதுகில் விழுந்தது, ஒன்பது வயதில்.
அதன்பிறகு விருந்தாளி வந்தபோதெல்லாம்
"அஞ்சுதான் இருக்கு. இன்னொண்ணை இவளைக் கேளுங்க."
அவர்கள் சிரிப்பார்கள்.
நான் டீயைக் கத்தியால் கலக்குவேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.
ஒவ்வொரு முறையும்.

ஆழமான சட்டகம் செய்யச் சொன்னேன்.
பின்னால் சாம்பல் துணி, முன்னால் கண்ணாடி,
ஈரத்துக்கு மாத்திரைப் பாட்டிலில் வரும்
சின்னப் பொட்டலம் நான்கு.
ஸ்பூனை முதலில் மூலையில் கட்டினேன்.
மறுநாள் அவிழ்த்து நடுவில்.
அதற்கும் மறுநாள், வெளியே எடுத்து
மேசை டிராயரில், மற்ற ஐந்தோடு.
கை குத்தி ரத்தம் வந்ததும் திரும்ப நடுவில்.

டிவிக்கு மேலே மாட்டினால் நாலு மணி வெயில் வண்ணத்தை வெளுக்கும்.
அதனால் நடைவழியில், மின் மீட்டருக்குப் பக்கத்தில்.
பகலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
தயாளனிடம் ஸ்பூனைப் பற்றிச் சொல்லவில்லை.

நேற்று இரவு எட்டுக்கு மின்வெட்டு.
டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன்.
இருட்டில் எல்லாம் ஒரு கணம் அசைந்தன.
முதலில் மின்னியது அதுதான்,
தண்ணீருக்குள்ளே மின்னுவதைப் போல.
கண்ணாடிக்கு மிக அருகே போய்விட்டேன்,
வாய் லேசாகத் திறந்திருந்தது.