போ என்று முடியும் கேள்வி

வெளிநாடு போய் வந்தவள் என்றதும்
பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
பனி இல்லை.
அங்கேயும் வெயில், வயல், குளம்,
தெருவின் நடுவில் மாடு என்றேன்.
விசுவமடு மாமி யோசித்துவிட்டுக் கேட்டா:
"பின்னை ஏன் பிள்ளை போனனீ?"

கம்பஸ் அனுப்பியது, மாமி.
ஐந்து மாதம். கோன் கேன்.
தாய்லாந்துக்கு வடகிழக்கில்
எங்கள் ஒருவருடைய சித்தப்பாவும் இல்லாத ஊர்.

அந்த ஊரில்
யாருடைய மகள் என்று எவரும் கேட்கவில்லை.
எந்த முகாம், எத்தனை மாதம்,
வீட்டில் எத்தனை பேர் மிச்சம்,
ஒன்றும் இல்லை.
இலங்கை என்றால் "ஆ, யானை" என்றார்கள்.
ஓம், யானை என்றேன்.
ஐந்து மாதமும்
யானையின் ஊர்க்காரியாக இருந்தேன்.

ப்ளோய் என் அறைக்காரி,
கரும்பு லொறி ஓட்டுகிறவரின் மகள்.
இரவு பதினொரு மணிக்குத்தான் அவளுக்குப் பசிக்கும்.
ஹெல்மெற்றை என் தலையில் கவிழ்த்து
ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவாள்.
ஒட்டுச்சோறு, சுட்ட கோழி,
கண்ணில் நீர் வர இடித்த பப்பாசிக்காய்.
குளத்தைச் சுற்றி வருகையில்
ஸ்கூட்டரை என்னிடம் தருவாள்.
நடுச்சாமம், இரண்டு பெட்டைகள்,
ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

இங்கே ஆறரைக்கு ஹொஸ்ரல் கேற் பூட்டுகிறார்கள்.
சங்கிலி இழுபடும் சத்தத்தில்
என் வலது மணிக்கட்டு
இல்லாத அக்சிலேற்றரை முறுக்குகிறது.

அவர்கள் பேச்சில்
கேள்விகள் "போ" என்று முடியும்.
கின் காவ் லேவ் போ?
சோறு தின்டாச்சா, அவ்வளவுதான்.
முதல் நாள் எனக்கு அந்தப் "போ" மட்டுந்தான் விளங்கியது.
எங்கே போக என்று தமிழில் கேட்டுவிட்டேன்.
ப்ளோய்க்கு ஒன்றும் விளங்கவில்லை,
சிரித்தாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்,
இதைத்தான் மாமிக்குச் சொல்லத் தெரியவில்லை:

மண் படிப்பிக்கிற வகுப்பு.
கிடங்கு வெட்டச் சொன்னார்கள்.
நான் மண்வெட்டி நுனியால்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.
மண்ணுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள்
என்று சொல்லிச் சிரித்தார்கள்.
அவர்களுக்கு எப்படித் தெரியும்,
அரிவரி படித்த காலத்தில்
எழுத்துக் கூட்டி நான் வாசித்த முதற்சொல்
மண்டையோட்டுக்குக் கீழே
சிவப்புப் பலகையில் இருந்தது என்று.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம்
கையை முழுசாக ஓங்கி
ஒரே வெட்டு.
அலகு முழுதும் உள்ளே போனது.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொரு வெட்டு.
பிறகு நிறுத்தவே மனமில்லை.
கேட்ட ஆழத்தைத் தாண்டி
இடுப்பளவுக்கு வெட்டிக்கொண்டு நின்றேன்.
மண், அதற்குக் கீழே மண்,
அதற்கும் கீழே வெறும் மண்.

நினைத்து நினைத்து ஏங்குவது
அந்தச் சாப்பாட்டுக்கு என்றே
எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய், அறிவியல்நகர்,
பண்ணைக்குப் பின்னால் கிடங்கு.
நிரோஜிகா அளவுநாடா பிடிக்க,
டினோஜன் குறிப்பெழுத,
கோன் கேன் ஞாபகத்தில்
ஓங்கி இறக்கிவிட்டேன்.

டங்.

நிரோஜிகா நாடாவை விட்டாள்.
டினோஜன் பின்னால் இரண்டடி.
காற்றுக்கூட நின்றமாதிரி இருந்தது.
நான் குந்தியிருந்து விரலால் துடைத்தேன்.
ஒரு கரண்டி.
எவர்சில்வர்.
பிடியில் யாரோ கீறிய இரண்டெழுத்து,
முதலாவது க.
மற்றது என்னவென்று மூன்று பேரும்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
"நாற்பது சென்ரிமீற்றர்" என்றார் சேர்.
"மண்ணின் நிறத்தை எழுதுங்கோ."

இரவு அந்தக் கரண்டியைப் படமெடுத்து
ப்ளோய்க்கு அனுப்பினேன்.
அவளுக்கு அது கரண்டி.
உடனே எழுதினாள்:
கின் காவ் லேவ் போ?

தின்டாச்சு என்று பொய் அடித்தேன்.
கேற் பூட்டியிருந்தது.
கைபேசி வெளிச்சம் அணையும்வரை
அந்தக் கடைசி எழுத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்,
தமிழில்.