முதல் வாரம்

அரசரடி வீட்டுக் குளியலறையில்
பி.வி.சி. குழாயில் நானே வெட்டிச் செய்த பீப்பாய்
பழைய கிரைண்டர் மோட்டாரில்
நாலு வாரம் இரவு பகலாக உருண்டது.

உள்ளே
குஜராத்திலிருந்து கூரியரில் வந்த அகேட் முக்கால் கிலோ,
சிவப்பு ஜாஸ்பர் கால் கிலோ,
வைகையில் கல்பாலத்தடியில் பொறுக்கிய
பெயர் தெரியாத ஒன்று.

முதலில் கருமணல்போல் சிலிக்கன் கார்பைடு.
அடுத்து அதைவிடப் பொடி.
மூன்றாம் வாரம் கோலமாவு மாதிரி.
ஒவ்வொரு முறையும் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவ வேண்டும்.
போன வாரத்துத் துகள் ஒன்று தங்கினாலும்
இந்த வாரம் முழுக்கக் கீறல்தான்.
சேற்றை சிங்க்கில் ஊற்றிவிட்டு
பிளம்பர் மாயாண்டிக்கு எண்ணூறு அழுதது தனிக் கதை.

மாடிவீட்டு ஜெனோவா
முதல் நாளே இறங்கிவந்து கேட்டாள்:
"என்ன சார் அது, மழையா, மாவா?"
கல் என்றேன்.
சிரிக்கவில்லை.

நேற்று சீரியம் ஆக்சைடும் முடிந்து
சுவிட்சை அணைத்தேன்.
அகேட்டில் கோடுகளை எண்ணலாம்.
ஜாஸ்பர், துடைத்துக் காயவைத்தும் ஈரமாகவே இருந்தது.
வைகைக் கல் மட்டும்
அரைநெல்லி அளவுக்குத் தேய்ந்து
மெருகேறாமல்
அப்படியே.

இரவு ஒன்றரைக்குக் கதவு தட்டல்.
தோளில் வீறிடும் கைக்குழந்தையோடு ஜெனோவா.
"ஏன் சார் நிறுத்துனீங்க?
அந்தச் சத்தத்துலதான் இவ தூங்குறா."

மெருகேறியதைத் திரும்பப் போட முடியாது.
வைகைக் கல்லோடு
துணைக்குக் கொஞ்சம் ஜல்லி,
கருமணல் நாலு ஸ்பூன்,
தண்ணீர்.
மூடினேன்.

அவள் பாதிப் படி ஏறுவதற்குள்
அழுகை நின்றுவிட்டது.

வியாழக்கிழமை அரசரடியில் மின்தடை,
ஒன்பது முதல் ஐந்து வரை.
அதை நான் சொல்லவில்லை.