காலி எடை

மேலூர்ச் சாலையில் எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும் இரும்புத் தளம்,
ஒரு கூண்டு, ஒரு ஃபேன், சிவப்பு எண்கள்.
உள்ளே சுகந்தகலா, நான்,
இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை.

ஜல்லி லாரி ஏறியதும் எண் தள்ளாடும்.
நாற்பத்தொன்று எழுநூறு, நாற்பத்திரண்டு பத்து,
மறுபடி நாற்பத்தொன்று.
டிரைவர் ஒன்றுக்கு இறங்கினால் எழுபது கிலோ குறையும்.
அடங்கும் வரை பட்டனில் கை வைக்கக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன இதையே
ஞாயிறுகளில் ஜெராக்ஸ் கடை மாடியில்
கண்ணை மூடி உட்காரவைத்து
வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

மாடியில் பதினோரு பேர் நாங்கள், நீல ஜமுக்காளம்.
கும்பிட்டுப் பழகிய கை
சும்மா மடியில் கிடக்க மாட்டேன் என்கிறது.
மூச்சு வருகிறது, வருகிறது என்று அறி.
போகிறது, போகிறது என்று அறி.
கீழே யாருடைய ரேஷன் கார்டோ
நகலாகிக்கொண்டிருக்கும்.

பௌத்தம் என்று பதிய
மூன்று முறை தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கினோம்,
நானும் வீட்டுக்காரரும்.
"அது எந்த ஊர் சாமிம்மா?" என்றார் கிளார்க்.
சாமி இல்லை சார் என்றேன்.
அந்தக் கட்டத்தில் என்ன எழுத என்று
பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து சீலத்தில் கொல்லாமை கூட எனக்குக் கஷ்டமில்லை.
கொசுவை அடிப்பதில்லை, ஃபேனைக் கூட்டி வைக்கிறேன்.
(இறக்கையில் அது அடிபட்டால் யார் கணக்கு என்று
மாடியில் கேட்டேன். சிரித்தார்கள், பதில் இல்லை.)
நான்காவதுதான்.
முஸாவாதா வேரமணி.
மூன்று வருஷமாக நாற்பத்திரண்டை
முப்பது என்று அடித்துக்கொடுக்கிறேன்.
வாயால் ஒருநாளும் சொன்னதில்லை,
விரலால்தான்.
விரலுக்கும் சீலம் உண்டா?

மாசிப் பௌர்ணமி, மணி இரண்டு.
பவுன்ராசு வண்டி.
எண் அடங்கியது: 42,360.
கண்ணாடிக்கு வெளியே
பாதி வெட்டிய குன்றின்மேல் நிலா ஏறியிருந்தது.
மூச்சு வந்தது, அறிந்தேன். போனது, அறிந்தேன்.
உள்ளதை அடித்தேன்.
சீட்டைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம், யானைமலை தெரியும் இடத்தில்
மடக்கிவிட்டார்கள்.
முதலாளிக்கு ஒரு கீறல் இல்லை.
வண்டி பவுன்ராசுவுடையது, தவணை முடியாத வண்டி,
அபராதமும் அவன் பேரில்.
மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்ட வைத்திருந்தேன் என்று
மறுநாள் கூண்டு வாசலில் நின்று சொன்னான்.
திட்டவில்லை.
"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான்.

"தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்ப" என்று
முதலாளியே எனக்கு ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தார்.
தலையாட்டினேனா, இல்லையா?
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

அந்த ஞாயிறு மாடியில் மூச்சு வரவில்லை.
பவுன்ராசுதான் வந்தான்.
வந்தவன் போகவில்லை.

வண்டி இறங்கிய பின் எண் பூஜ்யத்துக்கு வரவேண்டும்.
சில நாள் இருபதில், முப்பதில் நின்றுவிடும்.
டயர் சேறு, சிந்திய ஜல்லி.
விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினால் சரியாகும்.
இன்று விடிகாலை நாலு மணிக்குக் கூட்டினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு நானே ஏறி நின்றேன்,
பனியில் இரும்பு ஜில்லென்று.
வெளிப் பலகையில் ஐம்பது, அறுபது, ஐம்பது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் இது காட்டாது.
ஆனாலும் நின்றேன், அடங்கட்டும் என்று.

ஹாரன்.
இறங்கி வழிவிட்டேன். லாரி ஏறியது.
நாற்பத்துமூன்று.
கூண்டுக்குள் போகாமல்
டிரைவர் பக்கக் கதவைத் தட்டினேன்.
"அண்ணே, பாரம் கூட இருக்கு.
உள்ளதைத்தான் அடிப்பேன்.
கொஞ்சம் இறக்கிட்டு வர்றீங்களா?"

மேலிருந்து என்னைப் பார்த்தார்,
செருப்பில்லாத காலைப் பார்த்தார்.
இன்ஜினை அணைத்தார்.