குறிப்பிடத்தக்க

அதிகாலை நாலே காலுக்குப் போன் வந்தால்
ஒன்று சாவு,
இல்லையென்றால் இயக்குநர்.
இயக்குநர்தான்.
"கீழ்த்தளத்தில் மழைத்தண்ணீர் ஏறிவிட்டது.
ஏழு மணிச் செய்திக்குள்
மூன்று வரி வேண்டும்."

அது என் வேலை.
அட்டையில்: தலைவர், பொதுத் தொடர்பு.
வீட்டில் கேட்டால்: அவளுக்கு வாயில் வேலை.
டர்பன் துறைமுக அருங்காட்சியகத்தில்
பதினோரு வருஷமாக எதையும் நான் உடைத்ததில்லை,
ஒட்டியதுமில்லை.
திமிங்கிலத்தின் தாடையெலும்பு கழன்று விழுந்த அன்று
"தற்காலிகப் பராமரிப்பு" என்றேன்.
சர்க்கரை ஆலை தந்த பணத்தைக்
"கூட்டு முயற்சி" என்றேன்.
எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்லவில்லை,
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உம்கேனிப் பாலத்தில் ஊர்ந்து போனேன்.
கீழே ஆறு மண்நிறத்தில்,
யார் வீட்டுக் கதவோ மல்லாந்து மிதந்தது.
ஹடீடா பறவைகள்
விடிவதற்கு முன்பே திட்ட ஆரம்பித்திருந்தன.

கீழ்த்தளத்தில் நோம்வூலா,
பெயரிலேயே மழை இருப்பவள்,
முழங்கால் நனைய உட்கார்ந்து
பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுத்தாள் செருகிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"எவ்வளவு?"
"பதினாலு பக்கம். எண்பத்து நாலாம் வருஷக் கப்பல்.
பக்கத்துக்கு முப்பது பேர்."
விளக்கைத் தாழ்த்திக் காட்டினாள்.
பெயர், தகப்பன் பெயர், தாலுகா,
இடப் புருவத்தில் தழும்பு, வலக்காலில் தீக்காயம்
எல்லாம் மலிவான ஊதா மை.
கரைந்து ஒரே ஊதாவாகக் கிடந்தது.
எண்கள் மட்டும் அச்சு மை.
ஒன்றுகூட அழியவில்லை.

படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று
வாய் வரை வந்துவிட்டது.
அதற்கென்று ஒதுக்கிய பணத்தைப்
போன வருஷம் பதாகைக்குக் கேட்டு வாங்கியது நான்.
வாசலில் இப்போதும் தொங்குகிறது, ஆறு மீட்டர்:
உங்கள் கதை, உங்கள் வீடு.
மழையில் சாயம் போகாத துணி.

மேலே போய் ஆங்கிலத்தில் எழுதினேன்.
இடறவேயில்லை.
ஜூலுவுக்கு தெம்பேக்காவிடம் அனுப்பினேன்.
தமிழ் மட்டும் எப்போதும் நானே,
சனிக்கிழமை வகுப்பில் கற்ற
எழுத்துக்கூட்டும் தமிழ்.
"குறிப்பிடத்தக்க சேதம் ஏதுமில்லை."
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், வழக்கம்போல.
குறிப்பிட. தக்க.
யாரோ ஒரு குமாஸ்தா, கப்பல் ஏறும் அவசரத்தில்,
தக்கவர் தகாதவர் பாராமல்
தழும்பு உட்படக் குறித்து வைத்ததுதானே
கீழே கரைந்து கிடக்கிறது.

அந்தச் சொல்லை அடித்தேன்.
சேதம் ஏதுமில்லை என்று நின்றது.
அதுவரை மழுப்பல்,
இப்போது பச்சைப் பொய்.

பதினான்கு பக்கங்கள் என்று எழுதினேன்.
நானூற்று இருபது பேர் என்று எழுதினேன்.
படியெடுக்கவில்லை என்றும்.
எழுதிவிட்டு
அதை வானொலிக்கு அனுப்பினேன்,
ஆங்கிலத்தைச் செய்தித்தாள்களுக்கு,
ஒரு எழுத்தும் மாற்றாமல்.
எங்கள் நிர்வாகக் குழுவில் தமிழ் படிக்க ஆளில்லை.
வீரம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
கணக்குப் போட்டுத்தான் அனுப்பினேன்.

ஆறரைக்குக் குணபூஷணியின் குரலில் என் வாக்கியங்கள்,
நடுவில் அவள் ஒருமுறை இருமினாள்.
ஆறு நாற்பதுக்கு முதல் அழைப்பு, சாட்ஸ்வொர்த்திலிருந்து.
"ரங்கநாயகலு படையாச்சி பேசுகிறேன்.
எங்கள் ஆளுடைய எண் எனக்கு மனப்பாடம்,
வீட்டுக் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.
பெயர்தான் உங்களிடம் இருந்தது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
அடுத்த தொலைபேசியில் இயக்குநர்,
அதற்கடுத்ததில் ஆலைக்காரர்.
"கொஞ்சம் இருங்கள், ஐயா" என்று
பொத்தானை அழுத்திவிட்டேன்.
அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது:
காத்திருப்பவர்கள் கேட்பதற்கென்று
நாங்கள் வைத்திருக்கும் ஒலி
கடல்.
நான்தான் தேர்ந்தெடுத்தேன்.
நாலு நிமிஷம் ஓடும்,
முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.