ஐம்பத்தெட்டில் நிற்கும் முள்

பெட்டி நூற்றைம்பது கிலோ.
மூன்று மாடி, மின்தூக்கி இல்லை.
ஸ்ட்ருவானும் இன்னொருவனும்
படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும்
ஒரு கெட்ட வார்த்தையை இறக்கி வைத்துவிட்டு
ஏறி வந்தார்கள்.

"உள்ளே என்ன, பிணமா?"
கேட்டவள் இஷ்பெல் கௌர்லி.
"உப்பு.
வினிகரும் சோடாவும் கூடினால் பிறக்கிற உப்பு.
கீழே கடையில் உருளை வறுவல்மீது ஊற்றுகிறார்களே,
அதற்குத் தூரத்துச் சொந்தம்."

அவள் சிரிக்கவில்லை.
பிரெஸ்டன்பான்ஸ்காரியிடம்
உப்பைப் பற்றிப் பேசுவது எளிதல்ல.
கடலைக் காய்ச்சிப் பிழைத்த ஊர்.
அந்தக் கொப்பரைகள்
ஊரின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
நெருப்பு மூட்டி உப்பெடுத்த கரையில்
உப்பிலிருந்து நெருப்பெடுப்பேன் என்கிறான் ஒருவன்.

இரவு இரண்டுக்கு மின்சாரம் மலிவு.
கடலில் காற்றாலைகள்
வாங்க ஆளில்லாமல் சுற்றும் நேரம்.
முள் ஏறியது. ஐம்பத்தெட்டில் நின்றது.
முதல் பேருந்தை ஓட்டப்போகிறவள்
சீருடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.
மூன்று மணி. ஐம்பத்தெட்டு.
மூன்றரை. ஐம்பத்தெட்டு.
மீட்டர் மட்டும் ஓடுகிறது.

காலையில் தொலைபேசியில் கத்தினாள்.
ஸ்ட்ருவான் கொட்டாவிக்கு நடுவே சொன்னான்:
"உருகுகிறது.
வருவதெல்லாம் உருகவே சரியாகப் போகிறது.
முள்ளுக்குக் கொடுக்க மிச்சமில்லை."

உள்ளுறை வெப்பம்.
இறுகிக் கோத்த கைகளைப் பிரித்துவிட மட்டும்
செலவாகிற சூடு.
வெப்பமானிக்கு அது தெரியாது.

எதிர்வீட்டில் லாக்லன் பெய்ன்.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
இறந்துபோன தங்கை ஊனாவின் சைக்கிள்
மாடிப்படியடியில் சாய்ந்திருந்தது.
வழியை அடைக்கிறது என்று
நகராட்சிக்கு அவன்தான் எழுதினான்.
லாரி வந்த அன்று அவள் வேலையில் இருந்தாள்.
அதற்குப் பிறகு சுவர் வழியே
அவன் இருமல் மட்டும் வரும்.
அவளும் எண்ணாமல் எண்ணுவாள்.

ஜனவரியில் ஒரு புயல்.
கம்பிகள் அறுந்தன. தெரு முழுக்க இருட்டு.
எல்லோர் வீட்டு ஹீட்டரும்
வெறும் இரும்பாயின.
அவள் பழக்கதோஷத்தில் குழாயைத் திருகினாள்.
ஆவி பறந்தது.

பெட்டிக்குள் குளிர்ந்த நீர்
சுருள் சுருளாய் நுழைய நுழைய
உப்பு உறைந்தது.
உறைந்துகொண்டே கொடுத்தது.
இறுகுவதுதான் அதற்கு ஈகை என்பதை
அவள் அந்த இருட்டில் சற்று நேரம்
நம்ப மறுத்தாள்.
பிறகு பாத்திரம் கழுவினாள், தேவையே இல்லாமல்.

சுவருக்கு அப்பால்
இருமல். நீளமான ஒன்று.
ஏழாவது.

ஸ்ட்ருவான் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தான்:
சுத்தமாக உருகிய உப்பு சிலசமயம்
உறைய மறந்துவிடும்.
ஐம்பது, நாற்பது, இருபது என்று
குளிர்ந்துகொண்டே போகும்,
கண்ணாடிபோல் தெளிந்து,
தன் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு.
ஒரு துகள் விழ வேண்டும்.
அதன் இனத்திலேயே ஒரே ஒரு துகள்.

ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி
எதிர்க்கதவைத் தட்டினாள்.
மெழுகுவத்தியோடு திறந்தான்,
கோட்டுக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் போர்வை.
பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.
நன்றி சொல்ல வாய் வரவில்லை,
போ என்று சொல்லவும் வரவில்லை.
இருவருமே நின்றார்கள்.
மெழுகு ஒரு சொட்டு அவன் விரலில் விழுந்து
வெள்ளையானது.

"மணியை மட்டும் கழற்றி வைத்தேன்" என்றான்.
"என்ன மணி?"
"லாரி வருவதற்கு முன்னால். அந்த சைக்கிளின்...
கொடுக்க ஒரு நாள் வாய்க்கவில்லை."

உள்ளே போனான். ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது.
துருவேறிய மூடி, தேய்ந்த நெம்புகோல்.
அவள் கட்டைவிரல் பழைய இடத்தைத் தானே தேடிக்கொண்டது.

இருண்ட படிக்கட்டில்
மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி ஒரு தரம்.

பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுப்
போய்க் குழாயைத் திருகினாள்.
"பெரிய பாத்திரம் இருந்தால் எடுத்து வாருங்கள்,
கீழ்வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள்,
விடியும்வரை தாங்குமா தெரியாது."

தாங்கவில்லை. நாலரைக்கு முள் சரிந்தது.
அப்போது அவர்கள்
யார் வீட்டுக் கெட்டில் பெரியது என்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.