எட்டாம் எண், வலது கால்

கோயிலில் தந்த நாட்காட்டி ஆடி என்கிறது.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
மாரிட்ஸ்பர்க்கில் ஓர் இலைகூட அசையவில்லை.
கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை
வங்கி அட்டையால் சுரண்டுகிறாள் சவுந்தரி.
அந்த அட்டைக்கு இப்போது வேறு வேலை இல்லை.

தொழிற்சாலையில் வாரம் மூன்று நாள்தான் என்று ஆனபிறகு
வியாழனும் வெள்ளியும்
மீதிச் சில்லறைபோல் கையில் கிடந்தன.
முதல் வாரம் அலமாரிகளைத் துடைத்தேன்.
இரண்டாம் வாரம், துடைத்த அலமாரிகளைத் துடைத்தேன்.
மூன்றாம் வாரம் இவள் வந்து ஹார்ன் அடித்தாள்:
"பிஸ்லிக்குப் போகலாம் வா. அங்கே காசு கேட்கமாட்டார்கள்."

நாற்பத்தாறு வருடம் இந்த ஊரில்.
பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பிஸ்லி வெறும் முள்.

குளிர்காலம்தான் நடக்க ஏற்றது என்றார்
வாசல் காவலர் பெகானி.
பாம்பு உறங்கும், உண்ணி குறைவு,
புல் காய்ந்து படுத்துவிட்டதால்
எது எங்கே நிற்கிறது என்று தெரியும்.
"எங்கே போகிறீர்கள்?"
"எங்கேயும் இல்லை. சும்மா நடக்க."
நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டார்.

வேலமரங்களுக்குள் நுழைகிறது பாதை.
வேலம் என்றால் வேலம்தான்; முள் மட்டும் நீளம்,
வெள்ளை, காவடிக்காரர் கன்னத்து அலகுபோல.
சரிவில் கற்றாழை பூத்திருந்தது,
அணைக்க மறந்த ஹீட்டர் கம்பியாய்ச் சிவந்து.
வரிக்குதிரைகள் எங்களைப் பார்த்தன,
பார்க்க ஒன்றுமில்லை என்று மேயத் திரும்பின.
சவுந்தரியின் மூச்சு அவளுக்கு முன்னால் நடந்தது.

ஓடைக் கரையில் நேற்றைய சேறு
இரவில் இறுகிக் கிடந்தது.
குளம்புகள், கினிக்கோழிக் கால்கள்,
நடுவே ஒரு மனிதத் தடம்.
குனிந்தேன்.
அலையலையாய்க் கோடுகள், குதிகாலில் ஒரு நட்சத்திரம்.
எங்கள் அச்சு.
பதினொரு வருடத்துக்கு முன் நிறுத்திய அடிப்பகுதி.
எட்டாம் எண். கடைசி ஆர்டரைத் தட்டச்சு செய்தது நான்.

"என்ன, சிங்கத்தின் தடமா?"
"நம்ம ஷூ."
"நம்ம ஷூவை யாரும் வாங்குவதில்லை என்றுதானே
நம்மை வீட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள்?"

மஞ்சள் அம்புக்குறிகளை விட்டு
அந்தக் காலின் பின்னே போனோம்.
வலது குதிகால் வெளிப்புறம் தேய்ந்து
நட்சத்திரத்தில் இரண்டு முனை இல்லை.
மனிதர் அவசரப்படவில்லை.
ஓரிடத்தில் நின்றிருக்கிறார், இரு பாதமும் அருகருகே.
நாங்களும் அங்கே நின்றோம், எதற்கென்று தெரியாமல்.
தெரிந்தபோது அது ஏற்கனவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது,
மரத்துக்கு மேலிருந்து, ஒட்டகச்சிவிங்கி.
கருநீல நாக்கால் முள்ளை ஒதுக்கி
இலையை மட்டும் உருவி எடுத்தது.
யாரும் இவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.
எங்களுக்குச் சாப்பாட்டு மணி இருபது நிமிடம்.

அதற்குப்பின் காய்ந்த புல். தடம் தொலைந்தது.
நாங்களும் கொஞ்சம் தொலைந்தோம்.
வெயில் ஏறியது, ஸ்வெட்டர்கள் இடுப்புக்கு இறங்கின.
நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
வாசலுக்கு வந்து சேர்ந்தபோது
தகர டின்னில் தணல் வைத்து
பெகானி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் காலைக் காட்டுங்கள்."
தயங்கினார், சவுந்தரியைப் பார்த்தார்,
பிறகு லாடத்துக்குத் தூக்கும் மாடுபோல
வலது காலை மடக்கிக் காட்டினார்.
நட்சத்திரம், மூன்று முனையோடு.

"நல்ல ஷூ," என்றார். "இன்னொரு ஜோடி தேடுகிறேன்,
எந்தக் கடையிலும் இல்லை."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது.
சவுந்தரி பிளாஸ்க்கைத் திறந்து
மூடி நிறைய டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள்.
அடுத்த வெள்ளிக்கு எந்தப் பாதை என்று கேட்டேன்.

"ஓடைக்கு அந்தப் பக்கம்," என்றார், ஊதிக்கொண்டே.
"முந்தின மாலையே நான் சுற்றி வந்துவிடுவேன்.
தடம் இருக்கும்."