கடைமடைக் கணக்கு

விடியற்காலை ஐந்தரைக்கு
மிளகு அளவு வெள்ளை மாத்திரை,
அரை டம்ளர் தண்ணீர்.
அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது.
அந்த ஒரு மணி நேரத்தில்தான்
முள்ளியாற்று மதகில் அளவு பார்க்க வேண்டும்.

லஸ்கர் வைரக்கண்ணு டார்ச் அடிப்பார்.
பாசி படிந்த எண்ணை வாசித்து
போனில் மேலே சொல்வேன்.
"சரிங்க சார்" என்கிறது மறுமுனை.
மூன்று வருஷமாக அவனுக்கு நான் சார்.
குரல் தடித்துப் போனபின்
திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஆபீசில் ஜெய்னம்புக்கு வேர்க்கும்.
எனக்கு ஆனியிலும் விரல் நுனி விறைக்கும்.
மின்விசிறி சுவிட்சில்
எங்கள் சிநேகம் தினம் பத்துத் தடவை
அறுந்து ஒட்டும்.

போன வாரம் ஒரு பெயர் மறந்தது.
பெரிய பெயரில்லை,
பதினாறு வருஷமாக நான் எழுதும் வாய்க்காலின் பெயர்.
பேனா தாளிலேயே நின்றது.

சீப்பில் வரும் முடியை
மகள் பார்க்குமுன் சுருட்டி எறிகிறேன்.
"நல்லா பூசினாப்புல ஆயிட்டே" என்பவர்களுக்குச் சிரிக்கிறேன்.
சிரிக்கவும் தெம்பு வேண்டும்.

திருவாரூர் டாக்டர் முதல் தடவை
சீட்டின் பின்பக்கம் பட்டாம்பூச்சி வரைந்தார்,
கழுத்துக்குள் இருப்பதாம்.
"வேலியே பயிரை மேயுதும்மா."
வேலி மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
பயிரை ஆடு என்று
யார் அதனிடம் சொன்னது?

இந்தத் தடவை ரிப்போர்ட்டைப் பார்த்துப் பூரித்தார்.
"மூணு புள்ளி ரெண்டு. நார்மல்.
இனி உங்களுக்கு ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லாமல் பஸ் ஏறினேன்.
ஒண்ணுமில்லாமல் கச்சனம் வரை தூங்கினேன்.
ஆலத்தம்பாடியில் விழித்து, மறுபடி தூங்கி,
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன்.

ஆடி பத்து.
கடைமடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.
முன்னால் நின்றவள் சிங்காரு.
"அணையில நூத்திப் பதினெட்டு அடி,
பேப்பர்ல போட்டிருக்கான்.
எங்க நாத்தங்கால் இந்தா."
மேசைமேல் ஒரு மண்கட்டி.

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
"நம்ம மதகுல அளவு சரியாத்தாங்க இருக்கு.
நார்மல்."

வாய் அப்படியே நின்றது.
அந்தச் சொல்லை எங்கே வாங்கினேன் என்று
எனக்குத் தெரியும்.

ஸ்வெட்டரோடு வைரக்கண்ணு வண்டியின் பின்னால் ஏறினேன்.
பதினோரு கிலோமீட்டர்.
ஆகாயத்தாமரை, கோரை, சரிந்த கரை,
குமிழி வாயில் சிக்கிய ஒற்றைச் செருப்பு.
தண்ணீர் அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து வந்து
ஓரிடத்தில் எழுந்திருக்கவே இல்லை.
அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து
சிங்காரு முந்தானையால் விசிற வந்தாள்.
"வேண்டாங்க, குளிருது."
வெயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அப்படியா" என்றாள்.
என் விரல்களை எடுத்துத்
தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டாள்.
புழுதி ஒட்டிய சூடான கைகள்.

பதிவேட்டில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்:
மதகில் நாலரை அடி.
கடைமடையில் இல்லை.
ஏ.இ. வந்து கேட்பார், இது என்ன புதுப் பழக்கமென்று.
கேட்கட்டும்.

அடுத்த மாதம் திருவாரூர் போகையில்
அந்த மண்கட்டியையும் கொண்டுபோக வேண்டும்.
மறந்துவிடுவேன்.
இப்போதே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.